கலையும் கைவினையும்

தோற்றுவாய்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த பேரூர்த் திருக்கோயிலின் கனகசபையில் நின்று அதன் தூண் சிற்பங்களைக் காண்போர், "என்னே கலை!" என்று வியப்பர். பவானியில் நெய்யப்பெற்ற ஜமக்காளத்தின்மீது அமர்வோர் அவ்வாறு வியப்பதில்லை. "நல்ல விரிப்பு, நாள்பட உழைக்கும்" என்று பாராட்டுவதோடு அமைவர். முன்னது கலை என்றும் பின்னது கைவினை என்றும் நாம் பிரித்து வழங்குகிறோம். இரண்டும் கொங்கு நாட்டில் விளைந்தவையே. இரண்டிற்கும் நெடுங்காலப் பயிற்சி வேண்டும்; அளவும் ஒழுங்கும் வேண்டும்; கண்ணும் கையும் ஒன்றுபட வேண்டும். அவ்வாறிருக்க, இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது? அக்கோட்டை இட்டவர் யாவர்?

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் வினா அன்று. ஒரு பொருளுக்குக் கலை என்று பெயரிட்டால் அதனைச் செய்தவர் பெயரும் உடன் வருகிறது, விலையும் உயர்கிறது. கைவினை என்று பெயரிட்டால் செய்தவர் பெயர் மறைகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வரையறுக்கப்படுகிறது. தறியில் அமரும் தந்தையைப் பின்பற்றி மகன் அத்தறியில் அமர்வானா, மாட்டானா என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் பெயருக்கும் பங்குண்டு. ஆகவே இவ்வேறுபாட்டின் மெய்ம்மையை ஆராய்வது நம் கடமையாகிறது.

சொல்லும் பழைய வழக்கும்

பண்டைத் தமிழில் இவ்விரண்டையும் இன்று நாம் பிரிப்பதுபோல் பிரிக்கும் வழக்கம் இல்லை. செய்தல் என்னும் பொருள் தரும் 'வினை' என்ற சொல்லே இரண்டிற்கும் பொதுவாக நின்றது. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்குமிடத்தில் பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் நெய்யும் காருகர், செம்பு செய்வோர், தச்சர், கொல்லர், பொற்கொல்லர், தையற்காரர், தோல் தைப்போர் ஆகியோரை நிரல்படக் கூறுகிறார். அதே நிரலில் ஓவியரும் சுதையுருவம் சமைப்போரும் இடம்பெறுகின்றனர். அவ்வரிசையை அடுத்தே குழலிலும் யாழிலும் வல்ல பெரும்பாணர் வருகின்றனர். அங்கு ஓவியருக்கு அவர் தரும் பெயர் 'கண்ணுள் வினைஞர்' என்பதாகும். காண்போர் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. ஓவியரும் 'வினைஞரே' என்பது இங்கு உற்று நோக்கத்தக்கது.

வடமொழி மரபிலும் இந்நிலையே காணப்படுகிறது. அறுபத்துநான்கு கலைகள் என்னும் பட்டியலில் இசையும் கூத்தும் ஓவியமும் உள்ளன. தச்சும் தையலும் சமையலும் உள்ளன. பண்டைய கிரேக்கர் 'தெக்னே' என்றும் இலத்தீனர் 'ஆர்ஸ்' என்றும் வழங்கிய சொற்கள் கப்பல் கட்டுதல், மருத்துவம், சிற்பம் முதலிய அனைத்தையும் தழுவி நின்றன. இஸ்லாமிய உலகின் பேரறிஞர் இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில் தொழில்களைப் பற்றிய பகுதியில் உழவு, கட்டடம், தச்சு, நெசவு ஆகியவற்றோடு மருத்துவத்தையும் எழுத்தழகையும் இசையையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். கற்றும் செய்தும் பழகியும் கையிலும் கருத்திலும் ஊன்றிவிட்ட திறம் எதுவாயினும் அது அவருக்குத் தொழிலே.

இவற்றைக் கொண்டு பழங்காலத்தில் எல்லாத் தொழிலும் சமமாக மதிக்கப்பட்டன என்று முடிவு செய்துவிடலாகாது. சொல் ஒன்றாக இருந்தது. மதிப்பு ஒன்றாக இல்லை. இதற்குக் கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளே சான்று பகர்கின்றன. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரோடு விளங்கிய இடைக்கால மன்னனின் ஆணைகள் கரூரிலும் பேரூரிலும் மொடக்குறிச்சியிலும் கிடைத்துள்ளன. கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அவ்வாணைகள் உரிமை வழங்குகின்றன.

இவ்வுரிமைகளை அரசன் ஆணை பிறப்பித்துத் தரவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு அவை மறுக்கப்பட்டிருந்தன என்பது வெளிப்படை. மன்னர்க்கு மாளிகையும் இறைவர்க்குக் கோயிலும் எடுத்த கைகள் தம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணச்சாந்து பூச இசைவு பெறவேண்டியிருந்தது. கலை வேறு, கைவினை வேறு என்ற கொள்கை ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று இனிக் காண்போம். ஆயினும் கைத்தொழிலாளரைத் தாழ்த்தும் பழக்கத்தை நாம் எவரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரிவு வந்த வழி

கவின்கலை என்றும் நுண்கலை என்றும் ஒரு தனிக்குழுவை அமைத்து அதனை ஏனைய தொழில்களுக்கு மேலே வைக்கும் முறை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உறுதிபெற்றது. 1746ஆம் ஆண்டில் சார்லஸ் பத்தே என்ற பிரெஞ்சு அறிஞர் இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகிய ஐந்தையும் கவின்கலைகள் என ஒரு தொகுதியாக்கினார். 1790ஆம் ஆண்டில் செருமானியத் தத்துவ அறிஞர் கான்ட், கலை தன்னளவில் இன்பம் தரும் கட்டற்ற செயல் என்றும், கைத்தொழில் கூலியின் பொருட்டுச் செய்யப்படும் செயல் என்றும் வேறுபடுத்தினார். ஆலைகள் பெருகிய காலம் அது. பயன்படு பொருள்களை இயந்திரம் செய்யத் தொடங்கியபோது, பயன் கருதாத பொருளுக்குத் தனி மேன்மை கற்பிக்கப்பட்டதில் வியப்பில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பிரிவு நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். தொழில்களைப் பயிற்றும் பள்ளியாக வளர்ந்த அது பிற்காலத்தில் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் முதலிடம் தந்தது. 1929ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரியே, சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு முதல் விளங்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர். பாறையை நெம்பும் நான்கு உழைப்பாளிகளின் கைகளே அங்குக் கலைப்பொருளாகி நிற்கின்றன. கலைத்தொழிற் கல்லூரி என்றும், கலை மற்றும் கைவினைக் கல்லூரி என்றும் வழங்கிய அந்நிறுவனம் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி எனப் பெயர் தாங்கி நிற்கிறது. 'கைவினை' என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கியதே ஒரு வரலாறு எனலாம்.

விடுதலைக்குப் பின்னர் அமைந்த நிறுவனங்களும் இப்பிரிவை நிலைநாட்டின. கைவினைக்கென அகில இந்தியக் கைவினை வாரியம் 1952ஆம் ஆண்டில் அமைந்து 2020ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் லலித் கலா அகாதெமி 1954ஆம் ஆண்டில் தோன்றியது. இன்றும் நடுவணரசில் அகாதெமி பண்பாட்டு அமைச்சகத்தைச் சார்ந்தது. கைவினைத் துறை ஜவுளி அமைச்சகத்தைச் சார்ந்தது. இதனால் சுவாமிமலையில் வெண்கலப் படிமம் வார்ப்பவர் ஜவுளி அமைச்சகத்தின் பொறுப்பில் வருகிறார். அதே வெண்கலத்தில் தற்காலச் சிற்பம் வார்ப்பவர் பண்பாட்டு அமைச்சகத்தை நோக்கி நிற்கிறார். உலோகம் ஒன்று, உலையின் தீயும் ஒன்று, அலுவலகம் மட்டும் வேறு.

இப்பிரிவை வாழ்க்கையிலே கடந்து காட்டியவர்களும் தமிழகத்தில் உண்டு. கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சார்ந்த ஓவியரும் சிற்பியரும் 1966ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். ஓவியம் விற்று வாழ இயலாத நிலையில் அவர்கள் 'பாத்திக்' துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு தம் மனம் விரும்பியவாறு ஓவியம் தீட்டினர். கலைக்குச் சோறிட்டது கைவினையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அளவுகோல்கள் நான்கு

கலையையும் கைவினையையும் பிரிக்க அறிஞர் கூறும் அளவுகோல்களுள் முதன்மையானவை நான்கு. அவற்றை நம் நாட்டுச் சான்றுகளோடு வைத்து உரசிப் பார்ப்போம்.

முதலாவது, பயன். கைவினை பயன்பாட்டிற்கு உரியது. கலை காட்சிக்கும் கருத்திற்கும் உரியது என்பர். பேரூர்த் தூண்கள் மண்டபத்தின் கூரையைத் தாங்குகின்றன. அவை கலையல்ல என்று கூறுவார் உண்டோ? மறுபுறம், கழுத்தில் அணியும் மணியால் மழையும் தடுக்கப்படுவதில்லை, பசியும் தீர்வதில்லை. ஆயினும் மணி செய்தலைக் கைவினை என்றே வழங்குகிறோம். எனவே பயன் என்ற அளவுகோல் பாதிவழியில் நின்றுவிடுகிறது.

இரண்டாவது, ஒன்றே போலப் பலவாகச் செய்தல். கைவினைஞர் ஒரே வடிவைப் பலமுறை செய்வர். கலைஞர் ஒருமுறை செய்ததை மறுமுறை செய்யார் என்பர். நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல் இதற்கு விடை கூறும். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என அணிகலனுக்குப் பெயர்பெற்ற ஊர் இதுவே எனக் கொள்வர். 1980களிலிருந்து அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் முதலியவற்றாலான மணிகளும், செய்முறையின் பல நிலைகளில் நின்றுபோன மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. அம்மணிகள் ஒருபோலச் செய்ய முயன்றவையே. ஆயினும் ஒவ்வொரு கல்லும் தனித்தனி இயல்புடையது. எந்தப் பக்கம் தட்டினால் பிளக்கும், எங்கே துளையிட்டால் உடையாது என்பதைக் கல்லுக்குக் கல் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். வடிவம் ஒன்றேயாயினும் தீர்மானம் ஒன்றன்று.

மூன்றாவது, செய்தவர் பெயர். ஓவியத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்து இருக்கும். பானையின் அடியில் குயவர் பெயர் இராது என்பர். கொடுமணலில் தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. ஆனால் உரோம நாட்டவரும் விரும்பிய வகை மணிகளைச் செய்தவர் இன்னார் என்று நாம் அறியோம். கனகசபைத் தூண்களைச் செதுக்கியவர் பெயரைச் சொல்ல அங்கு வந்து வியந்து நிற்கும் மக்களாலும் இயலாது. பெயர் இருத்தலும் இல்லாமையும் சமுதாயம் தந்த மதிப்பைக் காட்டும். படைப்பின் தரத்தைக் காட்டா.

நான்காவது, முன்னறிவு. இதுவே ஆழமான அளவுகோல். ஆங்கிலத் தத்துவ அறிஞர் காலிங்வுட், 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட கலைக்கோட்பாட்டு நூலில் இதனை விரித்துரைத்தார். கட்டில் செய்யும் தச்சர் மரத்தைத் தொடுமுன்பே நீளமும் அகலமும் உயரமும் அறிவார். முடிவு முன்னரே தெரியும். வேலை அம்முடிவை அடையும் வழி. கவிஞரோ தாம் சொல்லப்போவதை முழுவதும் அறிந்து எழுதத் தொடங்குவதில்லை. எழுதி முடித்த பின்னரே தாம் உணர்ந்தது இன்னதென அவருக்கே விளங்குகிறது. முடிவை அறிந்து செய்வது கைவினை. செய்து முடிவை அறிவது கலை. ஒரே பொருளில் இவ்விரண்டும் கலந்து நிற்கலாம் என்பதையும் காலிங்வுட் மறுக்கவில்லை.

இக்கருத்தை அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியில் பொருத்திப் பார்க்கலாம். அங்குள்ள சிற்பக்கூடங்களில் கற்சிலைகள் வடிக்கப்பெறுகின்றன. எந்த உருவம், எவ்வளவு உயரம் என்பது கேட்போர் சொல்லியது. முகம் எத்தனை பங்கு, உடல் எத்தனை பங்கு என்பது சிற்பநூல் சொல்லியது. இவையெல்லாம் முன்னறிந்தவை. ஆனால் உதட்டின் ஓரத்தில் உளி எங்கே நிற்கவேண்டும் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. மயிரிழை கூடினால் முகம் இறுகும், குறைந்தால் குழையும். அந்த இடத்தில் சிற்பி தாமே முடிவு காண்கிறார். ஒரே சிலையில் பெரும்பகுதி கைவினை. அதன் உயிர்ப்பகுதி கலை.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு ஒன்று உண்டு. கலைக்கும் கைவினைக்கும் உள்ள வேறுபாடு மெய்யானதே. ஆனால் அது பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடன்று. ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாடும் அன்று. ஒரே வேலையின் உள்ளே, ஒரே கையின் அசைவிலே, அறிந்ததைப் பிழையின்றிச் செய்யும் நிலைக்கும் அறியாததைக் கண்டடையும் நிலைக்கும் உள்ள வேறுபாடாகும்.

பவானி ஜமக்காளம்

இத்தெளிவோடு தறிக்குத் திரும்புவோம். காவிரியும் பவானியும் கூடும் ஊரில் ஜமக்காளம் பெருக நெய்யப்பட்ட வரலாறே ஒரு படைப்பு வரலாறாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆலைத் துணிகள் வந்து குவிந்தபோது கைத்தறி நெசவாளர் பலர் நிலைகுலைந்தனர். பவானியில் சங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார் தடித்த பருத்தி நூலுக்கு வண்ணமேற்றி, பட்டை பட்டையாக அமையும் விரிப்பை நெய்யத் தொடங்கினர். அது மக்களிடையே பெற்ற வரவேற்பால், அதற்குமுன் அங்கு நெய்யப்பட்டு வந்த சேலை முதலியன பின்தங்கின. ஆலையோடு போட்டியிட்டுத் தோற்கக்கூடிய துணியை விடுத்து, ஆலை அன்று எண்ணிப் பாராத பொருளைக் கண்டடைந்தது அவர்களின் திறம். முடிவை அறியாமல் தொடங்கிக் கண்டடைவது கலை எனின், ஒரு சமூகமே கூடிச் செய்த கலை அது.

அவ்விரிப்பு கொங்கு நாட்டு வாழ்வோடு ஒன்றிவிட்டது. திருமண வீட்டிலும், நிக்காஹ் அவையிலும், ஊர்ப் பஞ்சாயத்திலும், துக்க வீட்டிலும் மக்களை ஒருங்கே அமரச் செய்வது அதுவே. நாற்காலி ஒருவரை மட்டும் ஏற்கும். ஜமக்காளம் பலரையும் வேற்றுமையின்றி ஏற்கும். அகலமான விரிப்பாயின் நெசவாளர் இருவர் ஒரே தறியில் அருகருகே அமர்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தருவர். ஒருவர் கை இறுக்கியும் மற்றவர் கை தளர்த்தியும் அடித்தால் விரிப்பு கோணும். இருவர் கையும் ஒரே அளவில் இயங்கினால்தான் ஊடை நேர்கோட்டில் அமையும். இத்தகைய ஒத்திசைவை இசையரங்கில் கண்டால் கலை என்கிறோம்; தறிக்குழியில் கண்டால் வேலை என்கிறோம்.

இன்று இத்தொழில் தளர்ந்து நிற்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என ஒதுக்கியது; ஜமக்காளமும் அவற்றுள் ஒன்று. 2005-06ஆம் ஆண்டில் பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் வெளியூர் விசைத்தறிகளில் நெய்த விரிப்புகள் பவானியின் பெயரால் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன என்பது கைத்தறியாளர் நெடுநாளாக எழுப்பிவரும் முறையீடு. நெசவாளர் இல்லத்துப் பிள்ளைகள் ஆலை வேலையையும் அலுவலக வேலையையும் நாடுகின்றனர். அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. தந்தையின் திறத்தை உலகம் கூலியாக மட்டுமே கண்டது. அவர்களும் அவ்வாறே கண்டனர்.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இயந்திரம் எதனை எடுத்துக்கொள்ள வல்லது? முடிந்துபோன வடிவத்தை எடுத்துக்கொள்ள வல்லது. பட்டைகளின் அகலமும் வண்ணங்களின் வரிசையும் ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் அவற்றை விசைத்தறி எத்தனை முறையும் திருப்பிச் செய்யும். அடுத்த வடிவத்தைக் கண்டடையும் தேவையும் துணிவும் அதற்கு இல்லை. ஆகவே கைத்தறியைக் காக்க விரும்புவோர் பழைய வடிவத்தை மட்டும் காத்தல் போதாது. புதிதாகத் தீர்மானிக்கும் உரிமையையும் அதற்கேற்ற ஓய்வையும் ஊதியத்தையும் நெசவாளருக்கு வழங்குதல் வேண்டும். சொன்னதை மட்டும் செய்யும் கூலியாளாக அவரை நிறுத்திவிட்டு, "இதில் கலை எங்கே?" என்று வினவுதல் முறையன்று.

செய்யுளும் ஒரு செய்பொருளே

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாடு தொலைவில் உள்ள பொருளன்று. பாட்டைக் குறிக்க நம் இலக்கண நூலார் வழங்கும் சொல் 'செய்யுள்'. செய்யப்படுவது என்பது அதன் பொருள். 'யாப்பு' என்பதற்குக் கட்டுதல் என்று பொருள். 'நூல்' என்ற சொல் பஞ்சில் திரித்த இழைக்கும் ஓலையில் எழுதிய புத்தகத்திற்கும் பொதுவாயிற்று. நன்னூலின் பாயிரம் இவ்வொப்புமையை விளக்குகிறது. சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவர் நூற்கும் பெண்ணாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கு உருவகிக்கப்படுகின்றன. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பது கொங்கு நாட்டார் கொள்ளும் மரபு. நூற்பும் நெசவும் செழித்த நாட்டில் இவ்வுவமையைப் போற்றுவது பொருத்தமே.

எதுகையும் மோனையும் சீரும் தளையும் கைவினை. அவற்றைக் கற்காமல் மரபுக்கவிதை எழுத இயலாது. அவற்றை மட்டும் கற்றவர் எழுதுவதோ, விழாக்கள்தோறும் நாம் கேட்கும் வாழ்த்துப்பாவாக நின்றுவிடும். தளை தட்டாது, ஆனால் விழாவின் பெயரை மாற்றினால் அதே பா வேறொரு விழாவிற்கும் பொருந்தும். 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் விருத்தம் என்னும் யாப்பைத் தாமே புதிதாக ஆக்கவில்லை, முன்னோரிடமிருந்து பெற்றார். நாட்டுவளம் பாடும் காப்பிய மரபையும் அவ்வாறே பெற்றார். ஆயினும் அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ் நிலத்து மழையோடும் ஆற்றோடும் வயலோடும் இணைத்து அவர் பாடியபோது, தமிழ்க் காப்பியம் அதுவரை காணாத ஒன்றைக் கண்டது. பெற்றது கைவினை, கண்டது கலை.

எழுத்தழகு கூறும் பாடம்

அரபு எழுத்தழகுக் கலையின் வரலாறும் இதனை வலியுறுத்தும். பகுதாது நகரில் அமைச்சராக விளங்கி 940ஆம் ஆண்டில் மறைந்த இப்னு முக்லா, எழுத்துகளின் அளவுக்கு ஒரு நெறி வகுத்தார். எழுதுகோலின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு 'அலிஃப்' எழுத்தின் உயரத்தையும், அதனைக் கொண்டு ஏனைய எழுத்துகளின் வளைவையும் வரையறுத்தார். இது முற்றிலும் கைவினைக்குரிய அளவு நெறியாகும்.

உதுமானியர் காலத்தில் இக்கலையைப் பயின்ற மாணவர் ஆசிரியரின் எழுத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் படியெடுத்து வந்தனர். அதில் தேறிய பின்னர் 'இஜாஸா' என்னும் இசைவுச் சான்று வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற பின்னரே ஒருவர் தாம் எழுதியதன்கீழ்த் தம் பெயரை இடலாம். தம் பெயரை இடும் தகுதிக்குப் பிறர் எழுத்தைப் பிழையின்றி எழுதும் பயிற்சி வாயிலாக அமைந்தது. கைவினையைக் கடந்துதான் கலைக்குள் புகவேண்டும். சுற்றிச் செல்லும் குறுக்குவழி இல்லை. இது எல்லாத் துறைக்கும் பொருந்தும்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். அறிந்த முடிவைப் பிழையற அடைவது கைவினை. அறியாத முடிவைச் செயலிடையே கண்டடைவது கலை. கைவினையின்றிக் கலை நிற்பதில்லை. கலையின் தொடர்பு முற்றும் அற்ற கைவினை இயந்திரத்திடம் தோற்றுவிடும். இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் மாறி மாறி நிகழ்பவை. இவற்றை இருவேறு மனிதராகப் பிரித்து, ஒருவருக்குப் பெயரும் மற்றவருக்குக் கூலியும் வழங்கியதே நேர்ந்த பிழை. செருப்பணியவும் சுவருக்குச் சாந்து பூசவும் ஆணை வேண்டியிருந்த காலம் போயிற்று. ஆயினும், செய்தவர் பெயரைக் கேளாமலே பொருளை வாங்கும் நம் பழக்கத்தில் அக்காலத்தின் நிழல் இன்னும் எஞ்சியுள்ளது.

இந்நிழலை அகற்றுவதில் தமிழ் மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. பவானியிலும் சென்னிமலையிலும் சிறுமுகையிலும் நெகமத்திலும் தறிகள் இயங்குகின்றன. திருமுருகன்பூண்டியில் உளிகள் ஒலிக்கின்றன. அங்கெல்லாம் வழங்கும் தொழிற்சொற்கள் பல நம் அகராதிகளில் ஏறாதவை. தறியின் ஒவ்வோர் உறுப்பிற்கும், நூலின் ஒவ்வொரு நிலைக்கும், உளியின் ஒவ்வொரு வகைக்கும் அவர்களிடம் பெயருண்டு. தொழில் நின்றால் அச்சொற்களும் அதனோடு மறையும். விடுமுறை நாள்களில் மாணவர் அவ்வூர்களுக்குச் சென்று, சொல்லையும் பொருளையும் சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர்தம் இசைவோடு எழுதி வருவாராயின், அதுவே நல்லதோர் ஆய்வாக அமையும். கல்லூரி விழாக்களில் கைத்தறி விரிப்பை வாங்கும்போது அதனை நெய்தவர் யார் எனக் கேட்டு, நினைவுப் பலகையில் அவர் பெயரையும் பொறிக்கலாம்.

இவை சிறிய செயல்களே. எனினும் பெயர் சொல்லி அழைக்கப்படும் கைக்கு ஒரு நிமிர்வு பிறக்கும். அந்நிமிர்வோடு தறியில் அமரும் நெசவாளர், சொன்னதை நெய்வதோடு நில்லாமல் தாம் எண்ணியதையும் நெய்து பார்க்கத் துணிவார். கைவினை கலையாகும் இடம் அதுவே.